வளையம் பெரிசு, பல் சொத்தை: டூத்பேஸ்ட் ஆய்வுகள் எதைத்தான் அளக்கின்றன?

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு எக்செல் ஷீட் போட்டேன். இடது பக்கம் டூத்பேஸ்ட் பெயர்கள், மேலே கிருமிகளின் பெயர்கள், கட்டங்களுக்குள் மில்லிமீட்டர் கணக்கு. 'கடையில் கிடைக்கும் பற்பசைகளின் கிருமி எதிர்ப்புத் திறன்' என்கிற மாதிரித் தலைப்போடு பல் மருத்துவ இதழ்களில் நிறையக் கட்டுரைகள் வருகின்றன. பெரும்பாலும் இலவசமாகவே படிக்கலாம். கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து, எந்தப் பேஸ்ட் எந்தக் கிருமியை எவ்வளவு தடுக்கிறது என்று எழுதி, சராசரி எடுத்து, வரிசைப்படுத்தினேன். மேலே வந்தவற்றில் ஒரு மூலிகைப் பேஸ்ட்டை வீட்டுக்கு வாங்கினேன். அதில் ஃப்ளூரைடு கிடையாது. அப்போது அது எனக்குக் கூடுதல் தகுதியாகத்தான் தெரிந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து என் பெண்ணுக்குக் கடைவாயில் வலி. அப்போது அவளுக்கு வயது ஆறு. டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு பல்லில் சொத்தை, அடைக்கணும் என்றார். என்ன பேஸ்ட் என்று கேட்டார், சொன்னேன். "அதுல ஃப்ளூரைடு இருக்கா சார்?" என்றார். "இல்ல டாக்டர், ஆனா மியூட்டன்ஸ் கிருமிக்கு எதிரா அதுக்குத்தான் வளையம் பெரிசா வந்திருக்கு" என்று என் ஷீட்டைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "அகார் தட்டுல பல் கிடையாதே சார்" என்றார். அவ்வளவுதான்.

ஒரு குழந்தையின் இரண்டு பல்லை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்கும் தெரியும். அவள் தின்ற மிட்டாய்க்குக் கணக்கு வைத்தவர் யார்? ஆனால் அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. அதே கட்டுரைகளைத் திரும்ப எடுத்து, இந்த முறை முடிவுகளை விட்டுவிட்டு, சோதனை நடந்த முறையை மட்டும் படித்தேன். இந்தப் பதிவு அதன் விளைவு. சுருக்கமாகச் சொன்னால், என் ஷீட்டில் இருந்த எண்களில் தப்பு இல்லை. அந்த எண்கள் எந்தக் கேள்விக்குப் பதிலோ, அது நான் கேட்ட கேள்வியே இல்லை.

சோதனை எப்படி நடக்கிறது?

வட்டமான ஒரு தட்டு. அதில் அகார் என்கிற கடற்பாசிக் கூழ், கிருமிகளுக்கான சத்துகளோடு உறைந்திருக்கும். அதன் மேல் ஒரே ஒரு வகைக் கிருமியை, பெரும்பாலும் சொத்தைக்குப் பேர்போன ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸை, சீராகத் தடவுவார்கள். கூழில் சின்னச் சின்னக் குழி போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பேஸ்ட்டை நேரடியாகவோ தண்ணீரில் கரைத்தோ நிரப்புவார்கள். 37 டிகிரியில் ஒரு நாள் வைப்பார்கள். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருக்கும், குழியைச் சுற்றி மட்டும் தெளிவான ஒரு வளையம் இருக்கும். அதன் விட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்தால் 14 மி.மீ., 18 மி.மீ., 22 மி.மீ. என்று எண்கள் கிடைக்கும். எது பெரிசோ அது சிறந்த பேஸ்ட்.

இந்த முறை சும்மா வந்ததல்ல. ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சோதிக்க 1966இல் பாயர், கிர்பி குழுவினர் இதைத் தரப்படுத்தினார்கள். கூழின் ஆழம், தடவ வேண்டிய கிருமியின் அளவு, மருந்துத் தாளின் அளவு எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. முக்கியமாக, 'இந்த மருந்துக்கு இத்தனை மி.மீ.க்கு மேல் வந்தால் நோயாளியிடம் வேலை செய்யும், இதற்குக் கீழே என்றால் செய்யாது' என்று ஒவ்வொரு மருந்துக்கும் தனி அட்டவணை இருக்கிறது. அந்த அட்டவணைதான் மில்லிமீட்டருக்கு அர்த்தம் கொடுக்கிறது. மருந்து மாறினால் எல்லையும் மாறும். ஆகவே இரண்டு மருந்துகளின் வளையத்தைப் பக்கத்தில் வைத்து, 'இது பெரிசு, இதுவே நல்லது' என்று எந்த ஆய்வகமும் சொல்லாது.

டூத்பேஸ்ட்டுக்கு அப்படி ஓர் அட்டவணை கிடையாது. 18 மி.மீ. வந்தால் சொத்தை குறையுமா, 14 வந்தால் குறையாதா? யாரும் அளந்து வைக்கவில்லை. எல்லை இல்லாத எண்ணை வைத்து நேரே ரேங்க் போடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன்.

மில்லிமீட்டர் எங்கே தடுமாறுகிறது?

முதலில், வளையம் கொல்லும் திறனை மட்டும் காட்டுவதில்லை. கூழுக்குள் நகரும் திறனையும் சேர்த்துத்தான் காட்டுகிறது. தண்ணீரில் எளிதில் கரையும் சின்ன மூலக்கூறு வேகமாகப் பரவி, பெரிய வளையம் போடும். தண்ணீரில் சரியாகக் கரையாத டிரைக்ளோசான், நேர்மின் ஏற்றத்தால் கூழிலேயே ஒட்டிக்கொள்ளும் குளோர்ஹெக்சிடின் போன்றவை, எவ்வளவு வலுவாக இருந்தாலும் குழியை விட்டு நகரச் சிரமப்படும். ஓட்டப் பந்தயம் வைத்துக் குஸ்தி வீரனைத் தேர்ந்தெடுப்பது மாதிரி.

இரண்டாவது, கணக்கு. பரவுதலின் கணிதப்படி, மருந்து போகும் தூரத்தின் வர்க்கம், செறிவின் லாகரிதத்தோடு ஒத்துப் போகிறது. அதனால் 12 மி.மீ.யும் 24 மி.மீ.யும் 'இரண்டு மடங்கு' உறவு அல்ல. நான் சராசரி எடுத்ததே அபத்தம். அதுவும் போக, சிலர் குழியின் விட்டத்தையும் சேர்த்து அளக்கிறார்கள், சிலர் கழித்துவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே காலத்தில் போட்டிருந்தேன்.

மூன்றாவது, ஒப்பீட்டுக்கு என்ன வைத்தார்கள்? பல கட்டுரைகளில் வெறும் தண்ணீர் அல்லது உப்புத் தண்ணீர். தண்ணீரோடு ஒப்பிட்டால் எந்தப் பேஸ்ட்டும் ஜெயிக்கும். ஏனென்றால் பெரும்பாலான பேஸ்ட்களில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் இருக்கிறது. அது ஒரு சோப்பு ரசாயனம், தட்டில் அதுவே கிருமியைத் தடுக்கும். பேஸ்ட் கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருளும், வாசனை எண்ணெய்களும் தங்கள் பங்கைச் செய்யும். ஆகவே ஒரு வேம்புப் பேஸ்ட் வளையம் போட்டது என்றால், போட்டது வேம்பா, நுரையா? தெரிய வேண்டுமானால் வேம்பு மட்டும் இல்லாத அதே பேஸ்ட் பக்கத்துக் குழியில் இருக்க வேண்டும். கம்பெனிக்கு வெளியே இருக்கும் ஆய்வாளருக்கு அது கிடைப்பது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது இல்லாமல் 'வேம்பின் ஆற்றல் நிரூபணமானது' என்று முடிவுரை எழுதுவது நியாயமா?

நான்காவது, 'மூன்று முறை சோதித்தோம்' என்ற வரி. பல இடங்களில் அதன் பொருள், ஒரே டியூபிலிருந்து எடுத்த பேஸ்ட், ஒரே கிருமி, மூன்று தட்டு. தட்டுக்குத் தட்டு வித்தியாசம் கம்மி என்பதை அது காட்டும். அடுத்த மாசம் வாங்கும் டியூபும் அப்படியே நடக்குமா, வேறொருவர் வாயில் இருக்கும் வேறு வகை மியூட்டன்ஸும் அப்படியே அடங்குமா என்பதை அது சொல்லாது.

கடைசியாக, நேரம். தட்டில் பேஸ்ட் 24 மணி நேரம் உட்கார்ந்திருக்கிறது. நம் வாயில் இரண்டு நிமிஷம் இருந்தால் அதிகம். அதற்குள் எச்சிலில் கரைந்து நீர்த்துப் போகிறது. அப்புறம் துப்பி, தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்து, தொண்டை வரை காறி, ஒரு துளி மிச்சமில்லாமல் அனுப்பிவிடுகிறோம். எங்கள் தொழிலில் டெஸ்ட் மெஷினில் பிரமாதமாக ஓடி, வாடிக்கையாளரிடம் போனதும் படுத்துக்கொள்ளும் மென்பொருள் உண்டு. இது அந்த ஜாதி.

340 வருஷத்துக்கு முன்பே ஒருவர் பார்த்தது

இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல், பல்லில் இருப்பது தனித்தனிக் கிருமி அல்ல, பிளேக் என்கிற படலம் என்பது. கிருமிகள் பிசுபிசுப்பான பொருளைச் சுரந்து, அதற்குள் அடுக்கடுக்காகக் குடியிருக்கின்றன. மனித வாயில் இதுவரை அடையாளம் கண்டிருப்பது சுமார் 700 வகை.

இதை முதலில் பார்த்தவர் டச்சுக்காரர் லேவன்ஹுக், டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி. 1683இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில், தன் பல்லிடுக்கிலிருந்து எடுத்த வெள்ளை மாவு போன்ற பொருளில் உயிர்கள் நெளிவதை விவரித்தார். தினமும் உப்புப் போட்டுப் பல் தேய்க்கிற மனிதர் அவர். (பேஸ்ட்டில் உப்பு இருக்கா என்று கதவைத் தட்டிக் கேட்கும் விளம்பரக் கோஷ்டிக்கு அவரைப் பிடித்திருக்கும்.)

அதே கடிதத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வினிகரை அந்த மாவோடு வெளியே கலந்து பார்த்தால் உயிர்கள் செத்தன. ஆனால் வாயில் வினிகர் ஊற்றிக் கொப்பளித்தால் பல்லிடுக்கில் இருந்தவை சாகவில்லை. படலத்தின் வெளிப்பக்கம் இருந்தவற்றை மட்டுமே வினிகர் கொன்றது, உள்ளே போகவில்லை என்று அவரே முடிவுக்கு வந்தார். வெளியே வேலை செய்வது வாய்க்குள் வேலை செய்யாது, காரணம் படலம். பட்டம் படிக்காத ஒருவர் தன் பல்லையே வைத்து 17ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்ததை, நான் 21ஆம் நூற்றாண்டில் எக்செல் போட்டுத் தவறவிட்டேன்.

படலத்துக்கு எதிரான நிஜமான ஆயுதம் பிரஷ். 1965இல் டென்மார்க்கில் ஹரால்டு லோ என்பவரின் குழு, ஆரோக்கியமான 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னது. 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. திரும்பச் சுத்தம் செய்ய ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் சரியானது. அப்படியானால் பிரஷ்ஷோடு பேஸ்ட்டும் சேர்ந்தால் படலம் இன்னும் நன்றாகப் போகுமா? பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2016இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, படலத்தைத் தேய்த்து எடுப்பதில் பேஸ்ட்டால் கூடுதல் பயன் தெரியவில்லை என்கிறது. எடுப்பது தூரிகையும் கையும்தான்.

தட்டில் தோற்று, வாயில் ஜெயிப்பது

அப்படியானால் பேஸ்ட் எதற்கு? இங்கேதான் என் ஷீட் என்னைக் கவிழ்த்தது.

இனிப்புச் சாப்பிட்ட சில நிமிஷங்களில் படலத்துக்குள் இருக்கும் கிருமிகள் அமிலம் சுரக்கின்றன. அமிலநிலை சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் எச்சில் அமிலத்தைச் சமன் செய்ததும் அவை திரும்ப வந்து படியும். நாள் முழுக்க இந்தப் போக்குவரத்து நடக்கிறது. போவது வருவதை விட அதிகமாகிக்கொண்டே போனால் சொத்தை. எச்சிலில் கொஞ்சம் ஃப்ளூரைடு இருந்தால் கரைவது குறைகிறது, திரும்பப் படிவது வேகமாகிறது, புதிதாகப் படிவது அமிலத்தை இன்னும் தாங்குகிறது. கிருமியை ஓரளவு தொந்தரவு செய்கிறது என்றாலும், ஃப்ளூரைடின் முக்கியமான வேலை கொல்வது அல்ல, பல்லைச் செப்பனிடுவது.

அகார் தட்டில் பல் இல்லை. ஆகவே ஃப்ளூரைடு தன் முக்கியமான வேலையைக் காட்ட அங்கே இடமே இல்லை. காரமான வாசனை எண்ணெய் நிறைய இருக்கும் பேஸ்ட், ஃப்ளூரைடு பேஸ்ட்டைத் தட்டில் தாராளமாகத் தோற்கடிக்கலாம். ஆனால் குழந்தைகளின் வாயில் நடந்த கதை வேறு. காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு 2003இல் 70 சோதனைகளின், 42,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. ஃப்ளூரைடு பேஸ்ட் பயன்படுத்தியவர்களுக்குச் சொத்தை சராசரியாக 24% குறைவு. டூத்பேஸ்ட் உலகில் இவ்வளவு அழுத்தமான ஆதாரம் உள்ள விஷயம் வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை.

கிருமி கொல்லும் பேஸ்ட்டை வாயில் சோதித்ததே இல்லையா என்றால், சோதித்திருக்கிறார்கள். டிரைக்ளோசானும், அதைப் பல்லில் ஒட்டவைக்கும் ஒரு பாலிமரும் சேர்ந்த பேஸ்ட்டுக்கு அமெரிக்க எஃப்டிஏ 1997இல் அனுமதி கொடுத்தது. 2013இல் காக்ரேன் 30 ஆய்வுகளைத் தொகுத்தது. டிரைக்ளோசான் இல்லாத ஃப்ளூரைடு பேஸ்ட்டோடு ஒப்பிட்டால் படலம் 22% குறைவு, ஈறு அழற்சி 22% குறைவு, ஈறில் ரத்தம் கசிவது 48% குறைவு. சொத்தை? வெறும் 5% குறைவு. அதாவது கிருமியை அடிப்பதால் ஈறுக்கு நன்மை உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் சொத்தைக்கு அது பெரிய பதில் இல்லை. பின்னால் டிரைக்ளோசான் பற்றிய பாதுகாப்புக் கேள்விகள் கிளம்பின. 2016இல் எஃப்டிஏ அதைக் கைகழுவும் சோப்புகளிலிருந்து விலக்கியது. 2019 வாக்கில் அமெரிக்காவில் அந்தப் பேஸ்ட்டிலிருந்தும் தயாரிப்பாளரே எடுத்துவிட்டு ஸ்டேனஸ் ஃப்ளூரைடுக்கு மாறினார்கள்.

குளோர்ஹெக்சிடின் கதையும் இதே பாடம்தான். பல் தேய்க்காமல் தினம் இரண்டு வேளை 0.2% கரைசலால் கொப்பளித்தாலே படலம் சேரவில்லை என்று 1970இல் அதே லோவும் ஷியோட்டும் காட்டினார்கள். காரணம் அது பல்லிலும் வாய்ச் சவ்விலும் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் மெதுவாக வெளியே வருகிறது. வாய்க்குள் முக்கியம் வளையம் அல்ல, தங்கும் நேரம். ஆனால் பல்லில் கறை படியும், ருசி மாறும், பேஸ்ட்டின் நுரைப் பொருள் அதன் வேலையைக் கெடுக்கும். அதனால் தினசரிப் பேஸ்ட்டில் அதைப் பார்ப்பது அரிது.

99.9% என்றால்?

விளம்பரங்களில் வரும் இந்த எண்ணையும் ஒரு நிமிஷம் பார்த்துவிடலாம். ஒரு மில்லி எச்சிலில் சுமார் 10 கோடி பாக்டீரியா இருக்கிறது. 99.9% செத்தால் ஒரு லட்சம் மிச்சம். அந்த ஒரு லட்சம் 10 தடவை இரட்டித்தால் 1024 மடங்கு, பழைய கணக்குக்கு வந்துவிடும். கிருமிக்கு அது பெரிய வேலை இல்லை. மேலும் அத்தனையையும் ஒழிக்க வேண்டும் என்றும் இல்லை. கீரையில் இருக்கும் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றி, ரத்தக் குழாய் தளர உதவும் கிருமிகளும் அங்கேதான் வசிக்கின்றன. ஒரு வாரம் குளோர்ஹெக்சிடின் கொப்பளித்தவர்களுக்கு ரத்த அழுத்தம் லேசாக ஏறியதைச் சில சிறிய ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. வாயில் வேண்டியது சமநிலை, சுடுகாடு அல்ல.

ஃப்ளூரைடு விஷம் இல்லையா?

இதைக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள், முக்கியமாக தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஊர் உள்ளவர்கள். அங்கே நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம், பல்லில் பழுப்புக் கறையும் எலும்புப் பாதிப்பும் நிஜம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆனால் அது வருஷக்கணக்கில் குடித்து உடம்புக்குள் போவது. பேஸ்ட் பல்லின் மேல் பட்டுவிட்டுத் துப்பப்படுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லை லிட்டருக்கு 1.5 மி.கி. 1000 பிபிஎம் பேஸ்ட் பட்டாணி அளவு, அதாவது கால் கிராம் எடுத்தால், அதில் மொத்தமே 0.25 மி.கி. குழந்தை முழுசாக விழுங்கினாலும் அவ்வளவுதான். தினமும் விழுங்கக் கூடாது என்பதும் சரிதான். அதனால்தான் மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு, பெரியவர்கள் பக்கத்தில் நின்று துப்பச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். தண்ணீரிலேயே ஃப்ளூரைடு அதிகமுள்ள ஊர் என்றால் பல் டாக்டரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

இப்போது எப்படிப் படிக்கிறேன்?

அகார் தட்டு ஆய்வுகள் குப்பை என்று நான் சொல்லவில்லை. செலவு கம்மி, சீக்கிரம் முடியும். நூறு மூலிகைச் சாறுகளில் எந்தப் பத்தை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகலாம் என்று சலித்தெடுக்க நல்ல கருவி. ஆலும் வேலும் பல்லுக்கு நல்லது என்று நம் ஊரில் சொல்லி வந்ததைச் சோதிக்க அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். தவறு, ஆரம்பத்தையே முடிவு என்று எழுதுவது. அதை வாங்கி மாத்திரைச் சீட்டு மாதிரிப் பயன்படுத்திய என் போன்ற வாசகர்களுடையதும்தான்.

இப்போது ஒரு பேஸ்ட் ஆய்வு கையில் வந்தால் மூன்று கேள்விதான் கேட்கிறேன். சோதனை தட்டிலா, படலத்திலா, மனித வாயிலா? ஒப்பிட்டது தண்ணீரோடா, அந்த ஒரு பொருள் மட்டும் இல்லாத அதே பேஸ்ட்டோடா? அளந்தது மில்லிமீட்டரா, சொத்தையும் ஈறில் ரத்தமுமா? மூன்றுக்கும் இரண்டாவது பக்கப் பதில் வந்தால்தான் முடிவுரை வரை படிக்கிறேன்.

கடையில் இன்னும் சுலபம். இந்தியச் சட்டப்படி பேஸ்ட்டில் ஃப்ளூரைடு 1000 பிபிஎம்முக்கு மேல் கூடாது, எவ்வளவு என்பதை டியூபிலும் அட்டைப்பெட்டியிலும் போட வேண்டும். டியூபைத் திருப்பி அந்த எண்ணைத் தேடுகிறேன். இருந்தால், அதற்குமேல் கிராம்பா வேம்பா உப்பா என்பது ருசி விஷயம். வீட்டில் இன்னொன்றும் மாற்றினோம். ராத்திரி பல் தேய்த்தபின் துப்புவதோடு சரி, தண்ணீர் ஊற்றிக் கொப்பளிப்பதில்லை. தேய்த்துச் சேர்த்த ஃப்ளூரைடை நாமே ஏன் கழுவிவிட வேண்டும்?

என் பெண்ணுக்கு முதல் வாரம் இது பிடிக்கவில்லை, வாயெல்லாம் புதினா என்றாள். இப்போது பழகிவிட்டது. அந்த எக்செல் ஷீட்டை அழிக்கவில்லை. கடைசியில் ஒரு காலம் சேர்த்து 'ஃப்ளூரைடு எத்தனை பிபிஎம்?' என்று தலைப்புப் போட்டு வைத்திருக்கிறேன். அன்றைக்கு நான் நிரப்பியிருக்க வேண்டிய ஒரே காலம் அதுதான்.